பின் சக்கரத்தில் ஏன் இன்னும் டிரம்?

இந்த எபிசோடை ஒரு சொந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மழைக்காலத்துல நானும் அப்பாவும் கொல்லிமலை போயிட்டுத் திரும்பிக்கிட்டு இருந்தோம். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டாம், 70 கொண்டை ஊசி வளைவு. வண்டி அப்பாவோட பழைய சின்ன கார். நான்தான் ஓட்டினேன். இறங்கும்போது மூணாவது கியர்லயே விட்டுட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வந்தேன். பாதி மலை இறங்கினதும் ஒரு கருகல் வாசனை. அடுத்த வளைவுக்கு மிதிச்சா, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. வண்டி நிக்கலை.

அப்பா கத்தலை. கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சார். பட்டனை அழுத்தின விரலை எடுக்காம, கொஞ்சம் இழுக்குறதும் விடுறதுமா இருந்தார். “கியரைக் குறைடா”ன்னு மட்டும் சொன்னார். ரெண்டு, ஒண்ணு. மலைப்பக்கமா ஒதுக்கி, வளைவுக்கு முன்னாடி வண்டி நின்னுச்சு. அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசிக்கலை.

சென்னை வந்ததும் முதல் வேலையா ஒரு முடிவு எடுத்தேன். இந்த வண்டியில பின்னாடி இருக்குறது டிரம் பிரேக். அரதப்பழசு. அதைக் கழட்டிட்டு டிஸ்க் பிரேக் போடணும். வீடியோ பார்த்தேன், விலை விசாரிச்சேன். வேற ஒரு காரோட முன் சக்கர காலிப்பரை எடுத்து, ஒரு பிராக்கெட் கடைஞ்சு, பின்னாடி மாட்டுறதுதான் சல்லிசான வழி. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் நின்னேன். அவர் முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மாட்டிடலாம் தம்பி. ஹேண்ட் பிரேக் எங்க போடுறது?”

என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்த எபிசோட். நூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி போக வேண்டியிருந்துச்சு.

இரண்டும் ஒரே வயசு

முதல்ல என்னோட ஒரு தப்பான நம்பிக்கையை உடைச்சுடுறேன். டிரம் பழசு, டிஸ்க் புதுசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உண்மையில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு. பிரான்ஸ்ல லூயி ரெனோ உள்பக்கம் விரியுற டிரம் பிரேக்கைக் கொண்டு வந்தது 1902-ல. அதே 1902-ல இங்கிலாந்துல ஃப்ரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

அப்போ ஏன் டிரம் ஜெயிச்சது? லான்செஸ்டர் டிஸ்க்கைக் கவ்வுறதுக்குச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்துல உலோகம் உரசினா என்ன ஆகும்? காது கிழியுற சத்தம். அதோட அன்னைக்கு ரோடெல்லாம் புழுதி. டிஸ்க் வெளியில திறந்து கிடக்கும், புழுதி உள்ளே போய் செம்பைத் தேய்ச்சுத் தின்னுடும். டிரம் அப்படி இல்லை. மூடின சட்டி மாதிரி. உரசுற பாகம் எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கும்.

சத்தத்துக்கு மருந்து கண்டுபிடிச்சவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். இங்கிலாந்தோட டெர்பிஷயர் மலைப்பகுதியில குதிரை வண்டிக்கு பிரேக் லைனிங் செஞ்சுக்கிட்டு இருந்தவர். 1907 வாக்குல ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்கைக் கொண்டு வந்தார். அவர் பேரோட எழுத்துகளைக் கலைச்சுப் போட்டு வந்ததுதான் ஃபெரோடோங்கிற பிராண்ட். இன்னைக்கும் கடையில கிடைக்குது. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலை அரிக்கும்னு உலகம் ஒத்துக்கிட்டு அதைக் கைவிட இன்னும் பல பத்தாண்டுகள் ஆச்சு. அது தனி எபிசோடுக்கான துயரம்.

டிரம்முக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. உள்ளே ரெண்டு பிரேக் ஷூ இருக்கும். மிதிச்சா அது ரெண்டும் விரிஞ்சு, சுத்துற டிரம்மோட உள்சுவரைத் தொடும். தொட்ட உடனே, சுத்துற டிரம்மே ஒரு ஷூவைத் தன்கூட இழுத்து இன்னும் இறுக்கிக்கும். அதாவது வண்டியோட வேகமே பிரேக் போட உதவி செய்யுது. கால் பலம் கொஞ்சம் போதும். டிஸ்க்ல இந்த உதவி கிடையாது. ரெண்டு பக்கமும் இருந்து நேரா கவ்வுது, அவ்வளவுதான். அதனால கவ்வுறதுக்கு நிறைய அழுத்தம் வேணும்.

ஒரு காலத்தில் பின்னாடி மட்டும்தான் பிரேக்

அடுத்து எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம். ஆரம்ப கால கார்கள்ல முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. 1908-ல வந்த ஃபோர்டு மாடல் டி-யை எடுத்துக்கோங்க. கால் பிரேக் கியர்பாக்ஸை இறுக்கும். கை பிரேக் பின் சக்கர டிரம்மை இறுக்கும். முன் சக்கரம் சும்மா உருளும். 1927-ல உற்பத்தி நிக்குற வரைக்கும் இப்படித்தான்.

முன்னாடி பிரேக் போட்டா வண்டி குப்புறக் கவிழ்ந்துடும்னு பயந்தவங்களும் இருந்தாங்க. அதோட, திரும்புற சக்கரத்துக்கு கம்பியும் லீவரும் வச்சு பிரேக் இழுக்குறது சுலபமான வேலை இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்கலைன்னா வண்டி ஒரு பக்கமா ஓடிடும். இதைச் சரி பண்ணது ஹைட்ராலிக் பிரேக். குழாய்ல இருக்குற திரவம் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தைக் கொண்டு போகும். 1921-ல அமெரிக்காவோட ட்யூசன்பெர்க் மாடல் ஏ, நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோட வந்துச்சு. அதுக்கப்புறம்தான் உண்மை புரிஞ்சது: வண்டியை நிறுத்துறதுல பெரும் பங்கு முன் சக்கரத்தோடது.

ஏன்னு ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளோட சேர்த்து 900 கிலோ இருக்குற ஒரு சின்ன கார். நிக்கும்போது முன் சக்கரங்கள் மேல 540 கிலோ, பின் சக்கரங்கள் மேல 360. எடை மையம் தரையில இருந்து அரை மீட்டர் உயரம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2.4 மீட்டர். காய்ஞ்ச ரோட்டுல 0.8 ஜி அளவுக்கு ஓங்கி பிரேக் போட்டா, 150 கிலோ பின்னாடி இருந்து முன்னாடி மாறும். இப்போ முன்னாடி 690, பின்னாடி வெறும் 210. டவுன் பஸ்ல டிரைவர் பிரேக் போட்டதும் நாம எல்லாரும் முன்னாடி சாயறோமே, அதே கதைதான்.

210 கிலோ மட்டும் அழுத்துற சக்கரத்துக்குத் தரையில பிடிப்பு குறைவு. அதுக்கு முரட்டு பிரேக் போட்டா என்ன ஆகும்? வண்டி சீக்கிரம் நிக்காது. சக்கரம் சுத்துறதுதான் நிக்கும். பின் சக்கரம் முன்னாடியே லாக் ஆனா, பின்பக்கம் வழுக்கி முன்னாடி வரப் பார்க்கும். வண்டி தட்டாமாலை சுத்தும். முன் சக்கரம் லாக் ஆனா ஸ்டியரிங் கேக்காது, ஆனா வண்டி நேரா போகும். ரெண்டுமே ஆபத்துதான். ஆனா நேரா போற வண்டியில பிரேக்கை லேசா விட்டா பிடிப்பு திரும்பக் கிடைக்கும், சுத்துற வண்டியில டிரைவருக்கு ஒரு வாய்ப்பும் இல்லை. அதனாலதான் எந்த கார் கம்பெனியும் பின் பிரேக்கை வேணும்னே கொஞ்சம் அடக்கி வைக்குது.

லெ மான் ரேஸும் மினியும்

டிஸ்க் எப்படித் திரும்பி வந்துச்சு? விமானத்துல இருந்து. இறங்குற விமானத்தை நிறுத்துறப்போ உண்டாகுற சூடு பயங்கரமானது. டிரம் சூடானா விரிஞ்சு, ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் இன்னும் ஆழமா இறங்கும், பிரேக் மங்கிக்கிட்டே வரும். டிஸ்க் சூடானா தடிமனாகும், அதாவது பேடை நோக்கித்தான் வரும். காத்து நேரடியாப் படுறதால சீக்கிரம் ஆறவும் செய்யும்.

டன்லப் கம்பெனி விமானத்துக்குச் செஞ்ச டிஸ்க்கை ஜாகுவாரோட சேர்ந்து ரேஸ் காருக்குக் கொண்டு வந்துச்சு. 1953 லெ மான் 24 மணி நேர ரேஸ். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஓட்டின ஜாகுவார் சி-டைப், நாலு சக்கரத்துலயும் டிஸ்க்கோட ஜெயிச்சது. அந்த ரேஸ்ல சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டினது அதுதான் முதல் முறை. மத்த டிரைவர்கள் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் போட ஆரம்பிக்கணும். ஜாகுவார் டிரைவர் இன்னும் கொஞ்ச தூரம் முழு வேகத்துல போகலாம். 24 மணி நேரம் அந்தக் கொஞ்சத்தைச் சேர்த்துப் பாருங்க.

1955-ல சிட்ரோயன் டிஎஸ், 1956-ல டிரையம்ஃப் டிஆர்3 எல்லாம் டிஸ்க்கோட ரோட்டுக்கு வந்தது. கவனிங்க, ரெண்டுலயும் முன்னாடி மட்டும்தான் டிஸ்க். டிஆர்3-க்கு டிஸ்க் கொடுத்தது கர்லிங். அந்த கர்லிங் பிராண்டை வச்சிருந்த லூகாஸ் குழுமமும் நம்ம டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1962-ல சென்னை பாடியில தொடங்கினதுதான் பிரேக்ஸ் இந்தியா.

சின்ன காருக்கு வருவோம். 1959-ல அலெக் இசிகோனிஸ் வடிவமைச்ச மினி வந்துச்சு. பத்து அங்குல சக்கரம், நாலு பக்கமும் டிரம். அது ரொம்ப லேசான கார், எஞ்சின் முன்னாடி, பின்பக்கம் காலி. அதனால பின் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகிடக் கூடாதுன்னு, பின் பிரேக்குக்குப் போற அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வே வச்சிருந்தாங்க. 1961-ல அதையே வேகமா ஓட்டுறதுக்கு மினி கூப்பர் வந்தப்போ முன்னாடி டிஸ்க் மாட்டினாங்க. பின்னாடி டிரம் அப்படியே இருந்துச்சு. ராலி ஓட்டுறவங்க கொண்டாடின கார்லயே இதுதான் நிலைமை. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம்ங்கிற இந்த ஜோடிதான் அடுத்த பல பத்தாண்டுகள் உலகத்தோட சின்ன காருக்கு ஃபார்முலா. நம்ம ஊரு மாருதி 800-லயும் பின்னாடி டிரம்தான்.

டிஸ்க்கைக் கழட்டி டிரம் போட்டவர்கள்

சரி, பின்னாடியும் டிஸ்க் போட்டுப் பார்த்த சின்ன காரே இல்லையா? இருக்கு. நான் எதிர்பார்க்காத கதை இங்கதான் கிடைச்சது.

அமெரிக்காவுல பவல் கிராஸ்லின்னு ஒருத்தர். ரேடியோ வித்துப் பணக்காரர் ஆனவர். சின்ன கார்கள் செய்யவும் இறங்கினார். 1949-ல அவரோட கிராஸ்லி ஹாட்ஷாட் வந்துச்சு. குட்டி ஸ்போர்ட்ஸ் கார். நாலு சக்கரத்துலயும் டிஸ்க், விமான பிரேக்கை ஒட்டிச் செஞ்சது. ஜாகுவார் ஜெயிக்கிறதுக்கு நாலு வருஷம் முன்னாடி! ஆனா போதுமான அளவு சோதிச்சுப் பார்க்கலை. அமெரிக்காவுல பனிக்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. அந்த உப்புத் தண்ணி பட்டு பிரேக் அரிச்சுப் போய், அப்படியே இறுகி நின்னுடுச்சு. வாங்கினவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? டிஸ்க்கைக் கழட்டிட்டு டிரம் மாட்டினாங்க. அதுக்குன்னு மாற்று கிட்டே வந்துச்சு. கம்பெனியும் டிரம்முக்கே திரும்பிடுச்சு. நான் ஆசைப்பட்டதுக்கு நேர் தலைகீழ்.

1962-ல ரெனோ 8 நாலு டிஸ்க்கோட வந்துச்சு. அது சாதாரணக் குடும்ப கார்தான். ஆனா எஞ்சின் பின்னாடி. பின் சக்கரம் மேல நல்ல எடை இருக்கு, பிடிப்பும் இருக்கு. அங்கே பின் டிஸ்க்குக்கு வேலை இருக்கு. நான் மேல போட்ட கணக்கு அந்த வண்டிக்கு அப்படியே பொருந்தாது.

அடுத்தது இத்தாலி. 1966-ல வந்த ஃபியட் 124, நாலு சக்கரத்துலயும் டிஸ்க் இருந்த குடும்ப கார். 1967-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கினது. அதே 1966-ல சோவியத் அரசு ஃபியட்டோட ஒப்பந்தம் போட்டது. வோல்கா நதிக்கரையில ஒரு பிரம்மாண்டமான ஆலை, அதுல ஃபியட் 124-ஐ ஒட்டி மக்கள் கார். ஆலை அமைஞ்ச ஊருக்கு இத்தாலிய கம்யூனிஸ்ட் தலைவர் தோலியாத்தியோட பேரை 1964-லயே வச்சிருந்தாங்க.

ஃபியட் கார்கள் சோதனைக்கு சோவியத் மண்ணுக்கு வந்துச்சு. கல் பாவின ரோடு, மண் ரோடு, பனி உருகின சேறு. இத்தாலியில ராஜா மாதிரி ஓடின வண்டி இங்கே திணறிடுச்சு. பாடியில விரிசல் விட்டது. முன் சக்கரம் அள்ளி வீசுற சேறும் மணலும் நேரா பின் டிஸ்க்ல போய் விழுந்து, பேடுகள் சீக்கிரமே தேய்ஞ்சு போச்சு. ஃபியட் எஞ்சினியர்களும் சோவியத் எஞ்சினியர்களும் உட்கார்ந்து 800-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பண்ணதாச் சொல்வாங்க. தகடு தடிமனாச்சு, வண்டியோட உயரம் ஏறிச்சு, எஞ்சினே மாறிச்சு. பின் டிஸ்க்கைத் தூக்கிட்டு டிரம் போட்டாங்க. அதுவும் ஏனோதானோ டிரம் இல்லை. சூடு சீக்கிரம் இறங்க அலுமினியத்துல வார்த்து, உரசுற இடத்துல மட்டும் வார்ப்பிரும்பு வளையம் பதிச்சது. 1970 ஏப்ரல்ல முதல் வண்டிகள் வெளியே வந்துச்சு. அதுதான் வாஸ்-2101. ரஷ்யர்கள் செல்லமா ‘கொப்பெய்க்கா’ன்னு கூப்பிட்ட கார், அதாவது காலணா. 1988 வரைக்கும் செஞ்சாங்க.

அந்த வண்டியோட பின் ஆக்ஸில் பக்கத்துல ஒரு சின்ன வால்வு உண்டு. பின் சீட்டுல ஆள் ஏறி, டிக்கியில மூட்டை ஏறி, பின்பக்கம் தாழ்ந்தா, ஒரு கம்பி வழியா அது அந்த வால்வுக்குத் தெரியும். உடனே பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட விடும். வண்டி காலியா இருந்தா குறைச்சுடும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ரஷ்ய மெக்கானிக்குகள் அதுக்கு வச்ச பட்டப்பேர் ‘கல்தூன்’. மந்திரவாதின்னு அர்த்தம். இந்தப் பேரைப் படிச்சப்போ நான் உண்மையிலேயே எழுந்து நின்னு சிரிச்சேன்.

கதையோட கடைசித் திருப்பம் இன்னும் இருக்கு. அந்த லாடா வம்சத்துக் கார்களை வச்சிருக்குற ரஷ்ய இளைஞர்கள்கிட்ட பிரபலமான ஒரு மாற்றம் எது? பின் டிரம்மைக் கழட்டிட்டு டிஸ்க் போடுறது. அதுக்குன்னு சுருக்கப்பேரே உண்டு, கடையில கிட்டும் உண்டு. தாத்தா காலத்து எஞ்சினியர்கள் யோசிச்சுக் கழட்டினதைப் பேரன் காசு கொடுத்து மாட்டுறான். அவங்களும் முட்டிக்கிட்டு நிக்குற கேள்வி எதுன்னு நினைக்கிறீங்க? ஹேண்ட் பிரேக் எங்க போடுறது!

மூன்று கணக்குகள்

இப்போ நம்ம மெக்கானிக் அண்ணனோட கேள்விக்கு வருவோம். டிரம்முக்குப் பதிலா டிஸ்க் மாட்டுறது, போல்ட் சைஸ் பொருந்துதாங்கிற பிரச்சினை மட்டும் இல்லை. மூணு கணக்கு இருக்கு.

முதல் கணக்கு, பங்கீடு. முன்னாடிக்கு எவ்வளவு, பின்னாடிக்கு எவ்வளவு. கம்பெனி அதை டிரம்மை மனசுல வச்சுப் போட்டிருக்கும். வால்வும் ஏபிஎஸ் மென்பொருளும் அந்தக் கணக்குலதான் ஓடுது. அதுல வேற ஒரு காரோட முன் சக்கர காலிப்பரைக் கொண்டு வந்து பின்னாடி மாட்டினா, அந்தக் கணக்கு மொத்தமும் பொய். மழையில ஒரு நாள் ஓங்கி மிதிக்கும்போதுதான் அது தெரிய வரும்.

ரெண்டாவது கணக்கு, திரவம். டிரம்முக்குள்ள இருக்குற வீல் சிலிண்டர் சின்னது. காலிப்பரோட பிஸ்டன் பெரிசு. அதைத் தள்ள நிறைய பிரேக் ஆயில் போகணும். மாஸ்டர் சிலிண்டர் பழசாவே இருந்தா, பெடல் ரொம்ப ஆழமா இறங்கும். சில பழைய டிரம் அமைப்புகள்ல, குழாய்க்குள்ள எப்பவும் கொஞ்சம் அழுத்தம் நிக்குற மாதிரி ஒரு வால்வு இருக்கும். டிஸ்க் மாட்டிட்டு அதை மறந்தா, பேடு எப்பவும் உரசிக்கிட்டே சூடாகும்.

மூணாவது கணக்கு, ஹேண்ட் பிரேக். டிரம்ல இது ரொம்ப எளிமை. ஒரு கேபிள், ஒரு சின்ன லீவர், அதே ஷூ. டிஸ்க்ல அதுக்குத் தனி ஏற்பாடு வேணும். பின் சக்கரத்துக்குன்னே செஞ்ச காலிப்பர்ல உள்ளேயே திருகு அமைப்பு இருக்கும், விலை அதிகம். இன்னும் சில கார்கள்ல டிஸ்க்கோட நடுக் கிண்ணத்துக்குள்ள ஒரு குட்டி டிரம்மை ஒளிச்சு வச்சிருப்பாங்க, ஹேண்ட் பிரேக்குக்காக மட்டும். யோசிச்சுப் பாருங்க, டிஸ்க் மாட்டின வண்டியிலயும் டிரம் போகலை!

சல்லிசான வழியில் மாட்டின ஒரு நண்பன் எனக்கு இருக்கான். வண்டி பார்க்க அட்டகாசமா இருக்கும், அலாய் வீலுக்கு நடுவுல டிஸ்க் பளபளக்கும். ஆனா டிக்கியில எப்பவும் ஒரு கருங்கல் இருக்கும். சரிவுல நிறுத்தினா முதல்ல இறங்கி டயருக்குக் கல்லு வைப்பான். மாட்டு வண்டிக்குக் கட்டை கொடுக்குற மாதிரி. செலவு பண்ணிப் புதுமை வாங்கிட்டு, சக்கரம் கண்டுபிடிச்ச காலத்துக்குப் போயிட்டான்.

ஒழுங்காச் செய்ய முடியாதான்னு கேட்டா, முடியும். அமெரிக்காவுல 90-கள் காலத்து ஹோண்டா சிவிக் வச்சிருக்குறவங்க இதைப் பல வருஷமா செய்யுறாங்க. அதே குடும்பத்துல பின் டிஸ்க்கோட வந்த இன்டெக்ரா காரோட பின் சஸ்பென்ஷன் கை, காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள், மாஸ்டர் சிலிண்டர், பங்கீட்டு வால்வு எல்லாத்தையும் கூட்டமா எடுத்து மாத்துவாங்க. அதாவது டிஸ்க்கை மட்டும் இல்லை, இன்டெக்ரா எஞ்சினியர் போட்ட கணக்கையும் சேர்த்து எடுத்துக்கிறாங்க. வித்தியாசம் அதுதான்.

திரும்பி வரும் டிரம்

இதெல்லாம் பழைய கதை, இனிமே எல்லாம் டிஸ்க்தான்னு நினைச்சா, அதுவும் இல்லை. 2020-ல ரோட்டுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 மின்சார கார்ல பின்னாடி டிரம். காசு மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. மின்சார கார்ல வேகத்தைக் குறைக்குற வேலையில பெரும்பகுதியை மோட்டாரே செஞ்சுடும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். பிரேக்குக்கு வேலை குறைவு. வேலை இல்லாத டிஸ்க் ஈரத்துல துருப்பிடிக்கும். மூடின டிரம்முக்கு அந்தத் தொல்லை கம்மி. 1949-ல கிராஸ்லி வாங்கினவங்க உப்புத் தண்ணியில கத்துக்கிட்ட பாடம்தான் இது. அதோட பிரேக் தேயும்போது பறக்குற தூசும் மாசுதான். 2024-ல ஐரோப்பிய ஒன்றியம் கொண்டு வந்த யூரோ 7 விதி, முதல் முறையா அந்தத் தூசுக்கும் வரம்பு வச்சிருக்கு. டிரம் தன் தூசைப் பெரும்பாலும் உள்ளேயே வச்சுக்கும்.

லான்செஸ்டர் காலத்துப் புழுதி, கிராஸ்லியோட உப்பு, வோல்கா கரைச் சேறு, இப்போ மின்சார மோட்டார். நூத்திச் சொச்சம் வருஷமா ஒவ்வொரு முறையும் முடிவைச் சொன்னது வண்டி ஓடுற ரோடும் அதோட எடையும் வேலையும்தான். எது புதுசுங்கிறது இல்லை. நான் மென்பொருள் வேலை பார்க்குறவன். யாரோ எழுதின பழைய புரோகிராமைப் பார்த்தாலே, இதை அழிச்சுட்டுப் புதுசா எழுதலாம்னு கை அரிக்கும். அழிச்ச பிறகுதான், அந்த ரெண்டு வரி எதுக்கு இருந்துச்சுன்னு நடுராத்திரி போன் வரும். காருல அந்தப் போன் வராது.

என் வண்டி விஷயத்துக்கு வர்றேன். மெக்கானிக் அண்ணன் நாலு சக்கரத்தையும் கழட்டிப் பார்த்தார். பின் டிரம்ல ஒரு குறையும் இல்லை, ஷூவை அட்ஜஸ்ட் பண்ண வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். பிரச்சினை பிரேக் ஆயில். பல வருஷமா மாத்தவே இல்லை. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கும். ஈரம் சேரச் சேர அது கொதிக்குற வெப்பநிலை குறைஞ்சுக்கிட்டே வரும். அன்னைக்கு நான் தப்பான கியர்ல இறங்கி, முன் டிஸ்க்கைப் பழுக்கக் காய்ச்சி, முன் காலிப்பர்ல இருந்த ஆயிலைக் கொதிக்க வச்சிருக்கேன். ஆயில் ஆவியானா அதை அமுக்கலாம், அதான் பெடல் பஞ்சு மாதிரி போச்சு. தப்பு டிரம்மோடது இல்லை. என்னோடது.

அப்புறம்தான் எனக்கு வயித்துல ஏதோ உருண்டுச்சு. அன்னைக்கு மலையில எங்களை நிறுத்தினது எது? அப்பா இழுத்த ஹேண்ட் பிரேக். ஆயில் எதுவும் தேவையில்லாம, ஒரு கேபிள் வழியா, அதிகம் சூடாகாம இருந்த பின் டிரம்மைப் பிடிச்ச அந்த ஹேண்ட் பிரேக். நான் ஆசைப்பட்ட சல்லிசான டிஸ்க் கிட்டை ஒரு மாசம் முன்னாடியே மாட்டியிருந்தா, அந்த வளைவுல அப்பா கையை நீட்டின இடத்துல இழுக்க ஒண்ணும் இருந்திருக்காது.

டிரம் அப்படியே இருக்கு. பிரேக் ஆயிலை மாத்தினோம், ஷூவை அட்ஜஸ்ட் பண்ணோம், முன்னாடி பேடு புதுசு போட்டோம். டிஸ்க் கிட்டுக்கு எடுத்து வச்ச காசுல பாதி கூட ஆகலை. உங்க வண்டியில பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்கன்னு இன்னைக்கே பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா மாத்திடுங்க. மலை இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க.

பொங்கலுக்கு மறுபடி கொல்லிமலை போனோம். இந்த முறை இறங்கும்போது ரெண்டாவது கியர். கீழே காரவள்ளி வந்து சேர்ற வரைக்கும் அப்பாவோட கை ஹேண்ட் பிரேக் மேலேயே இருந்துச்சு. நான் எடுக்கச் சொல்லலை.